மைதானப் புல்லும் ஏறிச் செலுத்தும் புல்வெட்டியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழியுங்கால் யாழ்ப்பாணத்து நிலமெங்கும் பச்சை போர்த்துக் கிடக்கும். கோடை முழுதும் செம்புழுதி பறந்த கல்லூரி மைதானங்களிலும் அறுகு தழைத்து, கோரை முளைத்து, மார்கழி பிறக்குமுன் புல் கணுக்காலை மறைத்துவிடும். மைதானத்துக்கு வேலை மிகுந்த காலமும் அதனையடுத்தே வருகின்றது. தை பிறந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள். மாசி, பங்குனியிற் பெருந்துடுப்பாட்டங்கள். புல் மிக வேகமாக வளர்வதும், மிகக் குட்டையாக இருக்கவேண்டுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்தலின், ஆண்டுதோறும் இம்மூன்று திங்களும் மைதானப் பொறுப்பாசிரியருக்குப் பெருஞ் சோதனையாகவே கழிகின்றன.

முற்காலத்தில் இதற்கு வழி எளிது. அயலிலுள்ளோர் உழவாரத்தாற் புல்லுச் செருக்கித் தம் மாடுகளுக்குக் கொண்டுசென்றனர். எஞ்சியதை ஆடுகள் மேய்ந்தன. அதற்கும் மிஞ்சியதை மாணவர் சிரமதானத்தில் அகற்றினர். இன்று மாடு வளர்ப்போர் நகர்ப்புறத்தில் அருகிவிட்டனர்; கூலிக்கு ஆள் கிடைப்பதும் அரிது. ஆதலால், யூபிலி ஆண்டுகளில் பழைய மாணவர் சங்கங்கள் தம் கல்லூரிக்கு அளிக்க எண்ணும் கொடைகளுள் ஏறியமர்ந்து செலுத்தும் புல்வெட்டியும் ஒன்றாகிவிட்டது. கொடை நல்லதே. ஆயினும் எத்தகைய இயந்திரம் என்ற வினா எழுந்தவுடன், குதிரைவலு எவ்வளவு, விலை எவ்வளவு, எந்நாட்டு உற்பத்தி என்பனவே முதலில் ஆராயப்படுகின்றன. நாம் கூற விழைவது யாதெனில், இவை பின்னர்க் கேட்கவேண்டியவை. நிலம் எவ்வளவு, எத்தகையது, இயந்திரத்தைச் செலுத்துபவர் யார், பழுதுற்றாற் திருத்துபவர் யார் என்பவற்றை முதலில் தெளிந்துகொண்டால் ஏனையவற்றின் விடை தானே கிடைக்கும். அவ்வாறு தெளியாமல் வாங்கிய இயந்திரங்கள் சில்லு மண்ணிற் புதையக் கொட்டகை மூலைகளில் துருவேறிக் கிடப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் காணலாம்.

புல்வெட்டும் இயந்திரத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது அதன் வகைகளை விளங்க உதவும். இங்கிலாந்தில் குளொஸ்ரர்சயர் மாவட்டத்து ஸ்ரௌட் என்னும் ஊரின் அயலில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830 ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அவ்வூர் கம்பளி ஆலைகள் நிறைந்தது. நெய்த துணியின்மீது எழும்பி நிற்கும் மயிரை ஒரே சீராகக் கத்தரிப்பதற்கு ஆலைகளில் ஓர் உருளைப்பொறி இருந்தது. துணியின் மயிரைக் கத்தரிக்கும் பொறி நிலத்தின் புல்லையும் கத்தரிக்காதோ என்று அவர் எண்ணியதன் பயனே புல்வெட்டி. ஈரிரண்டு ஆண்டுகள் செல்லுமுன், 1832 இல், இப்சுவிச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் அதனைச் செய்து விற்கத் தொடங்கியது. பெற்றோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை 1902 இல் விற்பனைக்குக் கொணர்ந்ததும் அந்நிறுவனமே. துடுப்பாட்டத்தின் தலைமைப்பீடமாகிய இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்திலேயே 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செம்மறியாடுகளே புல்லைக் குறைத்து வந்தன என்றால், நம் மூதாதையர் ஆடு மேய்த்ததில் வெட்கப்பட ஏதுமில்லை.

பட்டிங் அமைத்த முறைக்கு உருளை முறை என்று பெயர் கூறலாம். சுழலும் உருளையிற் பதித்த வளைந்த அலகுகள், அடியில் அசையாது நிற்கும் ஒரு தட்டையான அலகுடன் உரசிச் சென்று, கத்தரிக்கோல் போலப் புல்லை இருபுறமும் பிடித்து வெட்டுகின்றன. வெட்டு மிகத் துப்புரவானது. துடுப்பாட்டத்தின் நடுக்களத்தில் புல்லைச் சில மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறைக்க வேண்டுமாயின் இம்முறையன்றி வேறில்லை. ஆனால் இரு அலகுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி கடதாசித் தாளளவே. அதனிடையில் ஒரு சிறு கல் புகுந்தால் அலகு வாய் மழுங்கி, மீளத் தீட்டுவதற்குத் தனிப் பொறியும் தேர்ந்த கையும் வேண்டும். உயர்ந்து படுத்த புல்லையும் இது வெட்டமாட்டாது. மடித்துவிட்டு மேலே சென்றுவிடும்.

மற்றையது சுழலலகு முறை. நிலத்துக்குச் சமாந்தரமாக ஓர் அலகு மிகுந்த வேகத்திற் சுழன்று, அரிவாளை வீசியது போலப் புல்லை அடித்து அறுக்கின்றது. அலகின் முனை பின்புறம் சற்று மேல்நோக்கி வளைந்திருத்தலால், சுழலும்பொழுது காற்று மேலே இழுக்கப்பட்டுப் படுத்த புல்லும் நிமிர்ந்து வெட்டுக்கு வருகின்றது. வெட்டு உருளையினுடையது போலத் துப்புரவானதன்று. அலகு மழுங்கினால் புல்லின் நுனி கிழிந்து, இரண்டு நாளில் மைதானம் முழுதும் வெண்மஞ்சளாகத் தோன்றும். எனினும் அலகை ஓர் அரத்தைக் கொண்டு எவரும் தீட்டிவிடலாம். ஏறிச் செலுத்தும் புல்வெட்டிகளுட் பெரும்பாலானவை இவ்வகையினவே. நம் மைதானங்களின் அறுகுக்கு வெளிக்களத்தில் இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் உயரம் போதுமாதலால், பொதுவேலைக்குச் சுழலலகே ஏற்றது என்பது நம் துணிபு. புல் நடுக்களம் உள்ள கல்லூரிகள் அதற்கென ஒரு சிறிய உருளைப் புல்வெட்டியைத் தனியே வைத்துக்கொள்க. ஒன்றினால் இரண்டையும் செய்ய முயல்வது இரண்டையும் கெடுப்பதாகும்.

இனி நிலத்தின் அளவைக் கொள்வோம். 400 மீற்றர் ஓட்டப்பாதை முழுமையாக அமைவதற்கு ஏறக்குறைய நாலு ஏக்கர் வேண்டும். நம்மூர்க் கணக்கில் அஃது 64 பரப்பு. இதனை 21 அங்குல அகலமுள்ள தள்ளு புல்வெட்டியால் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையின்மேல் மறு வரிசை சற்று ஏறிச் செல்லவேண்டியிருத்தலின் பயன்படும் அகலம் 45 சென்ரிமீற்றரே. கணக்கிட்டுப் பார்ப்பின், மைதானத்தை ஒருமுறை வெட்டி முடிக்க அதனைத் தள்ளுபவர் ஏறக்குறைய 36 கிலோமீற்றர் நடக்க வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குள்ள தூரத்துக்கு இஃது ஏறக்குறைய ஒப்பாகும். மழைக்காலத்தில் வாரந்தோறும் ஒருவரை வெயிலிலும் சேற்றிலும் இவ்வளவு தூரம் நடக்கவிடுவது நீதியன்று, நடைமுறைக்கு உகந்ததுமன்று. ஏறிச் செலுத்தும் புல்வெட்டி வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு நியாயம் தேவையில்லை.

அதே நிலத்தை 42 அங்குல அகலமுள்ள இயந்திரம் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் வெட்டினால், திரும்பும் நேரத்தையும் சேர்த்து நாலு மணிநேரத்துக்குச் சற்று மேலாகும். 48 அங்குலமாயின் ஏறக்குறைய மூன்றரை மணிநேரம். 60 அங்குல அகலமும் எட்டுக் கிலோமீற்றர் வேகமும் உடைய பேரியந்திரம் இரண்டு மணிக்குள் முடித்துவிடும். காலையிற் பனி உலர்ந்தபின் தொடங்கி, மாணவர் மாலையில் விளையாட வருமுன் முடிக்கவேண்டும் என்பதே கல்லூரியின் தேவை. அதற்கு 42 முதல் 48 அங்குலம்வரை போதும். அதற்கு மேற்பட்ட அகலம் மேடுபள்ளமான நிலத்தில் ஓரிடத்தை மொட்டையடித்து ஓரிடத்தைத் தொடாது விடும். ஓரேக்கருக்குட்பட்ட சிறு புற்றரையாயின் 30 அங்குல இயந்திரமே அமையும்.

அகலம் துணிந்தபின் வகையைத் துணிதல் வேண்டும். சந்தையில் அதிகமாகக் காணப்படுவது, முன்புறம் எஞ்சினும் நடுவயிற்றில் அலகுக்கூடும் உடைய, சிறு உழவு இயந்திரம் போன்ற தோற்றமுள்ள வகை. இதன் தோற்றமே பலரை மயக்கிவிடுகின்றது. உழவு இயந்திரம் போலிருத்தலால் உழவு இயந்திரத்தின் வேலையையும் செய்யும் என்று கருதி, துடுப்பாட்டக் கள உருளையைப் பின்னே கட்டி இழுப்பர். தண்ணீர்த் தாங்கியைக் கட்டுவர். பரிசளிப்பு விழா நாளில் வாங்குகளையும் மேசைகளையும் ஏற்றிய பெட்டியைக் கட்டுவர். அதன் பின்னச்சுப் பெட்டி இலேசான வேலைக்கென மூடி முத்திரையிட்ட ஒன்று. உள்ளிருக்கும் ஒயில் சூடேறி வலுவிழந்து, சில பருவங்களில் அது மேட்டில் ஏறமறுக்கும். அதனைத் திருத்துவதிலும் மாற்றுவதே மலிவு என்பர்; மாற்றும் செலவோ இயந்திரத்தின் விலையிற் பெரும்பங்கு. உருளை இழுக்க வேண்டுமாயின் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டுமேயொழியப் புல்வெட்டியை எருதாக்குதல் ஆகாது.

வேகமாற்றும் முறையிலும் வேறுபாடு உண்டு. கியர் மாற்றிச் செலுத்துவன விலை குறைந்தவை, எளிதிற் திருத்தக்கூடியவை. ஆனால் ஒவ்வொரு முறையும் நிறுத்தியே மாற்ற வேண்டும். ஹைட்ரோஸ்ரற்றிக் எனப்படும் முறையில் எஞ்சின் ஓர் ஒயில் பம்பியை இயக்க, அந்த ஒயிலின் அழுத்தம் சில்லைச் சுழற்றுகின்றது. காலால் மிதிக்கும் அளவுக்கேற்ப வேகம் கூடியும் குறைந்தும் வரும். கல்லூரியில் ஒரே இயந்திரத்தைப் பலர் கையாள்வரென்பதனாலும், கோல் கம்பங்களையும் மரங்களையும் சுற்றி அடிக்கடி மெதுவாகச் செல்ல வேண்டியிருத்தலாலும் இம்முறையே சிறந்தது.

நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் மற்றொரு வகையும் இக்காலத்திற் பெரிதும் பேசப்படுகின்றது. இதற்குச் சுக்கான் வளையம் இல்லை. இரு நெம்புகோல்கள் இரு பின்சில்லுகளையும் தனித்தனியே இயக்கும். மரங்கள் செறிந்த பெருந்தோட்டத்தில் இது வேலையை வெகுவிரைவில் முடித்துவிடும் என்பதில் ஐயமில்லை. திறந்த மைதானத்தில் அந்த இலாபம் குறைவு. அன்றியும், பழகாத கை திருப்பும்போது உள்ளே நிற்கும் சில்லு அறுகை வேரொடு முறுக்கிப் பிடுங்கும். ஈரநிலத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வட்டத் தழும்பு விழும். மலைநாட்டுக் கல்லூரிகள் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஏறிச் செலுத்தும் எப்புல்வெட்டியையும் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவிற் கொண்டு செல்லலாகாது. சரிவில் மேலும் கீழுமாகச் செலுத்தலாமேயன்றிக் குறுக்கே செலுத்துதல் இயந்திரம் கவிழ்வதற்கு வழியாகும். நம் சமநிலத்திலும் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய மண்ணணைகள் உண்டென்பதை மறத்தலாகாது.

இரண்டு மைதானங்களும், அவற்றோடு பயன்படுத்தாத காணியும் உடைய கல்லூரிக்கு நாம் வேறு யோசனை கூறுவோம். முழங்கால் உயரத்துக்குப் பற்றையேறிய காணியில் வீட்டுப் புற்றரைக்கெனச் செய்த புல்வெட்டியை இறக்கினால் கூடு அடைத்து பெல்ற் கருகிவிடும். அங்கு வேண்டுவது 20 அல்லது 25 குதிரைவலுவுள்ள சிறிய நாற்சில்லு உழவு இயந்திரமும், அதன் பின்னச்சிற் பூட்டி இயக்கும் ஐந்தடிப் புல்வெட்டியுமே. பற்றைக்கு ஊஞ்சல்போல் ஆடும் தடித்த அலகுடையது ஒன்று. மைதானத்துக்கு மென்மையாக வெட்டுவது ஒன்று. உழவு இயந்திரம் திருத்தத் தெரிந்தவர் வடபகுதியில் ஊர்தோறும் உளர். உருளையும் இழுக்கலாம், தண்ணீரும் ஏற்றலாம். குறை அதன் பாரம். வயலுக்குரிய ஆழ்பல் ரயரோடு மழைக்கால மைதானத்தில் இறங்கினால் உதைபந்தாட்டக்காரர் கணுக்காலை முறிக்கும் தடங்கள் எஞ்சும். ஆதலாற் புற்றரைக்குரிய அகன்ற ரயர்களைப் பூட்டியே வாங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலத்தின் தனிப்பண்பு ஒன்றை இங்கு விரித்துரைத்தல் அவசியம். நம் மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல். பல இடங்களில் ஓரடி தோண்டுமுன் கல் தட்டுப்படும். மழை கழுவக் கழுவச் சிறு கற்கள் மேலெழும். சுழலும் அலகின் முனை விநாடிக்கு 80 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்வது. அது கல்லில் மோதினால் இரண்டு தீங்குகள் நேரும். முதலாவது இயந்திரத்துக்கு. அலகு எஞ்சினின் அச்சிலேயே நேராகப் பூட்டப்பட்டிருப்பின் அச்சு வளைந்து எஞ்சினே பாழாகும். பெல்ற் வழியாகத் தனி அச்சிற் சுழலுவதாயின், பெல்ற் வழுக்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கெட்டாலும் ஒரு பெயரிங்கையோ அலகையோ மாற்றுவதோடு போகும். கூடும், மெல்லிய தகட்டை அச்சிலழுத்திச் செய்ததாயிராது, தடித்த இரும்பை ஒட்டிச் செய்ததாயிருத்தல் நன்று. கற்களோடு நெருஞ்சியும் உள்ள நிலமாயின் ரயரினுள் துளையடைக்கும் பசையை முன்னரே ஊற்றி வைக்க வேண்டும்.

இரண்டாவது தீங்கு மனிதருக்கு. கூட்டின் பக்கவாயிலால் வெளியேறும் கல் துப்பாக்கிக் குண்டுக்கு நிகரானது. மைதானத்தில் மாணவர் ஒருவரேனும் நிற்கையில் இயந்திரத்தை இயக்குதல் கூடாது என்பது மாறாத விதியாக இருத்தல் வேண்டும். இடைவேளை மணி அடித்தால் அலகு நிற்க வேண்டும். பக்கவாயிலின் மறைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவோர் உளர். புல் அடைக்கிறது என்பது அவர் கூறும் காரணம். ஈரப்புல்லை வெட்டுவதே அடைப்புக்குக் காரணம், மறைப்பன்று. ஓட்டுநர் எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் ஆளியொன்று ஆசனத்தின் கீழுண்டு. அது தொல்லை தருகிறதென்று கம்பியால் இணைத்துச் செயலிழக்கச் செய்வதை எக்காரணங் கொண்டும் அனுமதிக்கலாகாது. இயந்திரத்தைக் கண்டவுடன் ஓடிவரும் சிறுவரை மடியில் ஏற்றிச் செல்வதும் அன்பின் பாற்பட்டதன்று. பின்னோக்கிச் செலுத்தும்போது அலகை நிறுத்தித் திரும்பிப் பார்த்தே செலுத்த வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கு மறுநாள் மைதானத்திற் கிடக்கும் கம்பித்துண்டு, போத்தல், பொலித்தீன், கொடிக்கயிறு ஆகியவற்றைப் பொறுக்கியபின்னரே இயந்திரத்தை இறக்குதலும் இவ்விதியைச் சார்ந்ததே.

எஞ்சினின் வலுவைப் பற்றிச் சில சொற்கள். 42 அங்குலக் கூட்டுக்கு 17 முதல் 20 குதிரைவலு போதும். மணிக்கு மூன்று முதல் ஐந்து லீற்றர் பெற்றோல் செலவாகும். ஆண்டிற் கூடிய புல்வளர்ச்சியுள்ள மாதங்களில் வாரம் ஒருமுறையும் ஏனைய காலங்களில் அருகியும் வெட்டுவதாயின் 25 முறை எனக் கொள்ளலாம். அஃது ஆண்டுக்கு நூறு மணிநேர ஓட்டமும், முந்நூறு முதல் ஐந்நூறு லீற்றர் பெற்றோலுமாகும். கொடையாளர் இயந்திரத்தின் விலையை மட்டும் எண்ணாது, இத்தொகையையும் இன்றைய விலையிற் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். 1990களிற் பொருளாதாரத் தடையின்கீழ் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறையினருக்கும், 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற இளைஞருக்கும் இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை.

அவ்வனுபவத்தாற் சிலர் பற்றரியில் ஓடும் புல்வெட்டியை விரும்புகின்றனர். ஓசையும் புகையும் இன்றி வகுப்பு நடக்கும்போதே வெட்டலாம். ஒயில் மாற்றுதலும் இல்லை. கூரையிற் சூரியத் தகடு உள்ள கல்லூரிக்குச் செலவும் குறைவு. ஆயினும் விற்போர் கூறும் பரப்பளவு உலர்ந்த குட்டைப் புல்லுக்குரியது. மழைக்கால அறுகில் அது வெகுவாகக் குறையும். சில ஆண்டுகளிற் பற்றரியை மாற்றும் செலவும் பெரிது. இரண்டேக்கருக்குட்பட்ட நிலத்துக்கு இதனைக் கருதலாம். நாலு ஏக்கருக்கு இப்பொழுது பெற்றோலே உகந்ததென்போம்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பழைய மாணவ அன்பர்கள் தம் நாட்டிற் பயன்படுத்திய இயந்திரத்தைக் கப்பலில் அனுப்ப முன்வருதல் உண்டு. நல்லெண்ணத்தை மெச்சுகிறோம். அனுப்புமுன் சிலவற்றை நோக்குக. ஓடிய மணிகளைக் காட்டும் மீற்றரைப் பார்க்க வேண்டும். வீட்டு உபயோக இயந்திரம் ஐந்நூறு மணியைக் கடந்திருப்பின் கப்பற் கூலிக்கும் தீர்வைக்கும் அது பெறுமதியானதன்று. அலகைக் கையாற் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் பெயரிங்கின் தேய்வு தெரியும். கூட்டின் உட்புறத்தைச் சுரண்டிப் பார்த்தால் துரு எவ்வளவு தின்றதென்பது தெரியும். வடஅமெரிக்காவில் வாங்கிய பற்றரி ஏற்றி 120 வோல்ற்றுக்குரியது. நம் 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே பூட்டினால் புகைந்துவிடும். அமெரிக்க இயந்திரங்களின் ஆணிகள் பெரும்பாலும் அங்குல அளவின. இயந்திரத்துடன் இரு சோடி அலகு, இரு பெல்ற், காற்று வடிகட்டி, ஒயில் வடிகட்டி, அங்குலச் சாவிகள், பாகங்களின் இலக்கம் எழுதிய கைநூல் ஆகியவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவாராயின், அந்த ஒரு பெட்டி இயந்திரத்தின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டிக்கும். உள்நாட்டில் வாங்குவோர், உதிரிப்பாகம் கொழும்பில் எத்தனை நாளிற் கிடைக்கும் என்பதை விற்பவரிடம் எழுத்திற் பெறுதல் நன்று.

பராமரிப்பு அரிதானதன்று, ஒழுங்குதான் அரிது. புது எஞ்சினின் ஒயிலை முதல் ஐந்து மணி ஓட்டத்தின்பின்னும், அதன்பின் ஐம்பது மணிக்கொருமுறையும் மாற்ற வேண்டும். அலகை இருபத்தைந்து மணிக்கொருமுறை தீட்டி, நடுத்துளையில் ஆணியொன்றிற் தொங்கவிட்டு இருபுறமும் சமநிறையாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஒருபுறம் தாழ்ந்தால் அதிர்வு பெயரிங்கை அழிக்கும். பங்குனிக்குப்பின் செம்புழுதி பறக்கும் காலத்தில் காற்று வடிகட்டியை ஒவ்வொரு வெட்டின் பின்னும் தட்டித் துப்புரவாக்க வேண்டும். ஆனி முதல் புரட்டாதிவரை இயந்திரம் ஓய்வாக நிற்பின் பெற்றோலை வடித்துவிடுக. தாங்கியில் நின்ற பெற்றோல் பசைபோலாகிக் குழாயை அடைக்கும். மழைக்காலத்திற் தொடங்க மறுக்கும் இயந்திரங்களிற் பலவற்றின் நோய் இதுவே. நான்கு புறமும் அடைத்துப் பூட்டக்கூடிய கொட்டகையும், கணக்கெழுதும் கொப்பியொன்றும், பொறுப்பாக ஒருவரும், அவர் விடுப்பில் நிற்கையிற் செலுத்தப் பழகிய மற்றொருவரும் வேண்டும். நிதி சேர்க்குமிடத்து மொத்தத் தொகையில் ஐந்திலொன்றையேனும் இவற்றுக்கென வங்கியில் ஒதுக்கி வைத்தபின் எஞ்சியதற்கு ஏற்ற இயந்திரத்தைத் தேடுமாறு சங்கத்தினரை வேண்டுகிறோம். 60 அங்குல இயந்திரத்தை வாங்கி ஒயிலுக்குப் பணமின்றி நிற்பதிலும் 42 அங்குலத்தை வாங்கிப் பத்தாண்டு ஓட்டுவது மேல்.

வெட்டும் முறையிலும் ஒரு குறிப்பு. பிள்ளையாருக்குகந்த அறுகு வெட்ட வெட்டப் படர்ந்து தடிக்கும் இயல்பினது. எனினும் ஒருமுறையில் அதன் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மூன்று சென்ரிமீற்றரில் வைத்திருக்க வேண்டுமாயின் நாலரை வந்தவுடன் வெட்ட வேண்டும். மழை பத்துநாள் விடாது பெய்து புல் உயர்ந்துவிட்டாற் கூட்டை மேலுயர்த்தி ஒருமுறையும், மூன்று நாள் கழித்துத் தாழ்த்தி ஒருமுறையும் வெட்டுக. செம்மண் மைதானத்தில் மழைவிட்ட மறுநாளே இறங்கலாம். களிமண் கலந்த தாழ்நிலத்தில் குதிக்கால் பதியாத நிலை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். வெட்டிய துகள் மெல்லிதாயின் நிலத்திலேயே விட்டுவிடலாம், அதுவே பசளை. தடித்துக் குவிந்தால் வாரி எருக்கும்பியிற் போடுக. மாட்டுக்குக் கொடுத்தலாகாது, பொடியாக வெட்டிய புல் குவியலில் விரைவிற் சூடேறிப் புளிக்கும்.

எந்த இயந்திரத்தை வாங்கினும் வேலியோரமும், கோல் கம்பங்களின் அடியும், பார்வையாளர் படிக்கட்டின் விளிம்பும் அதற்கு எட்டா. அவற்றுக்குத் தோளில் மாட்டி வெட்டும் சிறு இயந்திரமொன்றும், அதைப் பிடிப்பவருக்குக் கண்ணாடியும் காலணியும் வேண்டும். இவற்றின் விலையையும் முதற் பட்டியலிலேயே சேர்த்து எழுதிக்கொள்க.